டாக்காவா, காத்மாண்டுவா, காத்திருப்பதா? மும்பைத் தமிழ்ப் பெற்றோரின் மருத்துவப் படிப்புக் கணக்கு

புது தில்லி: மும்பை தாராவியிலிருந்து மத்திய ரயில் பாதையைக் கடந்தால் சயான் மருத்துவமனை. அதனோடு இணைந்து இயங்குகிறது, 1964-இல் தொடங்கப்பட்ட லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவக் கல்லூரி. ஆண்டுக்கு 200 எம்பிபிஎஸ் இடங்கள். தாராவித் தமிழர்களின் பிள்ளைகளில் பலர் பிறப்பதும், காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்வதும் இந்த மருத்துவமனையில்தான். அந்தப் பிள்ளை வளர்ந்து பதினெட்டு வயதில் மருத்துவராக ஆசைப்படும்போது, நடந்து போகும் தொலைவில் உள்ள கல்லூரி எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. ஏறத்தாழ 1,900 கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ள டாக்காவோ கைக்கு எட்டும் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றுகிறது.

ஒவ்வோர் ஆண்டும் நீட் தேர்வு முடிவு வெளியானதும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு எழுகிறது. வங்கதேசத்துக்கு அனுப்பலாமா? நேபாளம் பக்கம்தானே, கடவுச்சீட்டு கூடத் தேவையில்லையே? சீனாவில் செலவு குறைவாமே? அல்லது இன்னும் ஓராண்டு வீட்டில் இருந்து மறுபடியும் தேர்வு எழுதட்டுமா? கேள்வி குடும்பத்தினுடையது. ஆனால் அதன் விடையைத் தீர்மானிக்கும் விதிகளில் பெரும்பாலானவை தில்லியில் எழுதப்பட்டவை.

2025-ஆம் ஆண்டு நீட் தேர்வை 22.09 லட்சம் பேர் எழுதினர். அவர்களில் 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றனர். நாட்டில் உள்ள எம்பிபிஎஸ் இடங்களோ ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம். அதாவது, தகுதி பெற்றோர் என்று அரசே அறிவித்தவர்களில் பத்துப் பேருக்கு ஓரிடம். அந்த ஒன்றேகால் லட்சத்திலும் ஏறத்தாழ பாதி தனியாரிடம். சயான் கல்லூரி போன்ற மாநகராட்சிக் கல்லூரியில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் அளவில் முடிந்துவிடும். மும்பையைச் சுற்றியுள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலோ அது ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தில்தான் பக்கத்து நாடுகள் வந்து நிற்கின்றன. வங்கதேசத்தில் ஐந்தாண்டுப் படிப்புக்கும் விடுதிக்குமாகச் சேர்த்து 30 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை. நேபாளத்தில் அரைக் கோடிக்கும் மேல். இந்தியத் தனியார் கல்லூரியின் இரண்டாண்டுக் கட்டணத்தில் அங்கே முழுப் படிப்பும் முடிந்துவிடும் என்பது முகவர்களின் வாதம். கூட்டல் கழித்தலைப் பொருத்தவரை அது பொய்யல்ல.

கையில் சாதிச் சான்று, பட்டியலில் பெயரில்லை: தாராவியின் தமிழர்களில் பெரும்பகுதியினர் நெல்லைச் சீமையிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறியவர்கள். தோல் பதனிடும் தொழிலும் மாநகராட்சித் துப்புரவுப் பணியும் ரயில்வேயும் அவர்களை இழுத்தன. அவர்களில் கணிசமானோர் ஆதிதிராவிடர். மாட்டுங்காவில் குடியேறியவர்கள் அலுவலகப் பணியாளர்களும் வங்கி ஊழியர்களுமான நடுத்தர வகுப்பினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்து, பள்ளிகளும் கல்லூரிகளும் கண்டவர்கள் இந்த வட்டாரத்துத் தென்னிந்தியர்களே. உரத் தொழிற்சாலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், டிராம்பே அணு ஆராய்ச்சி மையம் ஆகியவற்றை ஒட்டித் தமிழர் எண்ணிக்கை பெருகிய இடம் செம்பூர். மூன்று வட்டாரங்களும் அடுத்தடுத்து உள்ளன. ஆனால் மருத்துவப் படிப்பு என்று வரும்போது மூன்றின் கணக்கும் வேறு வேறு.

தாராவி ஆதிதிராவிட மாணவருக்கு உள்ள சிக்கல், தமிழ்நாட்டில் இருப்போர் எளிதில் உணராதது. மகாராஷ்டிர மாநிலத்துக்கான பட்டியல் சாதியினர் வரிசையில் மகார், மாங்கு, சாம்பார் முதலிய பெயர்கள் உண்டு. தெலுங்கு நாட்டு மாலா, மாதிகா பெயர்களும் உண்டு. ஆதிதிராவிடர் என்ற பெயர் இல்லை. மும்பையில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தாலும், பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் மகாராஷ்டிரத்திலேயே தேறி மாநில இருப்பிடச் சான்று வைத்திருந்தாலும், மாநில ஒதுக்கீட்டில் அவர் பொதுப் பிரிவினராகவே கருதப்படுவார்.

இந்த நிலை உச்ச நீதிமன்றத்தால் உறுதி செய்யப்பட்டது 1990-ஆம் ஆண்டு மே மாதத்தில். அந்த வழக்கும் மும்பையைச் சேர்ந்தது, மருத்துவப் படிப்பைப் பற்றியது என்பது குறிப்பிடத்தக்கது. ஆந்திரத்தில் பழங்குடியினராக அங்கீகரிக்கப்பட்ட ஒரு வகுப்பைச் சேர்ந்த மாணவர் ஒன்பது வயதில் தந்தையுடன் மும்பைக்கு வந்தார். தந்தை பணியாற்றியது, செம்பூரில் ஆலை கொண்டுள்ள ராஷ்டிரிய கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனத்தில். மும்பையிலேயே படித்துத் தேறிய அந்த மாணவருக்கு, பரேல் கேஇஎம் மருத்துவமனையைச் சேர்ந்த சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினர் ஒதுக்கீடு மறுக்கப்பட்டது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று சட்ட ஏடுகளில் அறியப்படும் இவ்வழக்கில் அரசியல் சாசன அமர்வு தெளிவாகக் கூறியது: 341, 342 ஆகிய பிரிவுகளின்படி ஒரு சாதியோ பழங்குடியோ பட்டியலில் சேர்க்கப்படுவது அந்தந்த மாநிலத்தைப் பொருத்தவரையில் மட்டுமே, மாநிலம் மாறினால் அந்தத் தகுதி உடன் வராது. 1994-இல் மற்றோர் அமர்வும் இதையே வழிமொழிந்தது. 2018 ஆகஸ்டில் பீர் சிங் வழக்கிலும் ஐந்து நீதிபதிகள் அமர்வு வேலைவாய்ப்புக்கு இதே கொள்கையை வலியுறுத்தியது. (தலைநகர் தில்லியின் பணிகளுக்கு மட்டும் அனைத்திந்திய இட ஒதுக்கீடு பொருந்தும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். தில்லித் தமிழருக்குக் கிடைத்த அந்த ஆறுதல் மும்பைத் தமிழருக்கு இல்லை.)

எஞ்சியிருப்பது அனைத்திந்திய ஒதுக்கீடு. அரசு மற்றும் மாநகராட்சிக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு இவ்வகையில் தில்லியிலிருந்து நிரப்பப்படுகிறது. மத்திய அரசுக்குரிய சலுகைகளுக்கு, தந்தையின் பூர்வீக மாநிலச் சான்றின் அடிப்படையில் வழங்கப்படும் சாதிச் சான்று செல்லும் என்பதால் இதில் ஆதிதிராவிட மாணவர் பட்டியல் சாதியினராகவே போட்டியிடலாம். ஆனால் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். சயான் கல்லூரியின் 200 இடங்களில் 15 விழுக்காடு என்பது 30. அதில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு என்றால் நாலோ ஐந்தோ. அந்த நாலைந்து இடத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் போட்டி.

தமிழ்நாடு கைகொடுக்குமா என்றால், அங்கும் படிகள் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவர், தாம் அம்மாநிலத்தின் பூர்வீகக் குடியினர் என்பதைப் பெற்றோரின் ஆவணங்களோடு நிறுவ வேண்டும். பெற்றோரும் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர்களாக இருந்தால், நெல்லை மாவட்டத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் எந்த ஆவணத்தைக் காட்டுவது? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் தமிழக அரசு சட்டம் இயற்றி அளித்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றவர்களுக்கு உரியது. மும்பை மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளை அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரித் தமிழகச் சட்டப்பேரவை 2021-இலும் 2022-இலும் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டது. அது ஒப்புதல் பெற்றிருந்தாலும் மும்பைத் தமிழ் மாணவருக்கு மாற்றம் எதுவும் இருந்திராது. நீட் தேர்வைத் தமிழிலேயே எழுத 2017 முதல் வாய்ப்பு உண்டு என்பது மட்டும் அவருக்கும் பொது.

இதை யாரும் பேசாமலிருக்கவில்லை. பேசும் இடம்தான் அமையவில்லை. சயான் கோலிவாடா தொகுதியிலிருந்து 2014, 2019, 2024 என மூன்று முறை மகாராஷ்டிரச் சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தமிழரான கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன். ஆனால் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். சட்டப்பேரவையில் எழுப்பும் குரல் பரிந்துரையாகத்தான் தில்லிக்கு வர முடியும்.

எந்தப் பக்கத்து நாடு?: பாகிஸ்தான் தொடக்கத்திலேயே விலக்கப்பட வேண்டியது. பல்கலைக்கழக மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2022 ஏப்ரலில் கூட்டாக விடுத்த அறிவிப்பின்படி, அங்கு பட்டம் பெறும் இந்தியக் குடிமக்களுக்கு இந்தியாவில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ தகுதி கிடையாது. இலங்கை மொழியாலும் கடலாலும் நெருங்கிய நாடு. ஆயினும் அரசுப் பல்கலைக்கழகங்களின் மருத்துவ இடங்கள் ஏறக்குறைய முழுமையும் உள்நாட்டு மாணவர்க்கு உரியவை. தனியார் மருத்துவக் கல்விக்கு அங்கே எழுந்த எதிர்ப்பு கடுமையானது. மாலபேயில் இயங்கிய தனியார் நிறுவனம் ஒன்றின் பட்டத்தை ஏற்பதா கூடாதா என்று ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டத்தின் முடிவில், 2017 அக்டோபரில் அதைக் கலைக்க அந்நாட்டு அரசு இசைந்தது. நடுவில் அகப்பட்ட மாணவர்கள் பின்னர் பாதுகாப்புப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாற்றப்பட்டனர். கல்லூரி இருக்கிறது, பட்டமும் தருகிறது என்பது மட்டும் போதாது. அந்நாட்டு மருத்துவப் பேரவை அதை ஏற்கிறதா என்பதே முதற்கேள்வி என்பதற்கு அது ஒரு பாடம்.

சீனாவில் கரோனாவுக்கு முன் ஏறத்தாழ 23,000 இந்திய மாணவர்கள் பயின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். 2020-இன் தொடக்கத்தில் விடுமுறைக்கு வந்தவர்களை அந்நாடு 2022 ஆகஸ்டு வரை திரும்ப அனுமதிக்கவில்லை. இரண்டரை ஆண்டுகள் கணினித் திரையில் மருத்துவம் படித்தவர்களை என்ன செய்வது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2022 ஜூன் 30-க்குள் படிப்பை முடித்துச் சான்று பெற்ற இறுதியாண்டு மாணவர்களைத் தகுதித் தேர்வு எழுத அனுமதித்த தேசிய மருத்துவ ஆணையம், அவர்கள் இந்தியாவில் ஓராண்டுக்குப் பதிலாக ஈராண்டு பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. 

ஆக, மும்பைப் பெற்றோரின் பேச்சில் எஞ்சுவன நேபாளமும் வங்கதேசமும்.

நேபாளம் 1950 உடன்படிக்கையின் பயனாக விசா தேவைப்படாத நாடு. பொக்கராவில் 1994 முதல் இயங்கும் மணிப்பால் கல்லூரியும், இந்திய உதவியுடன் தரானில் எழுந்த பி.பி. கொய்ராலா நிறுவனமும் இந்திய மாணவர்களுக்கு நன்கு அறிமுகமானவை. படிப்பு நாலரை ஆண்டு, பயிற்சி ஓராண்டு என்பது இந்திய முறையை ஒத்தது. மகாராஷ்டிரப் பள்ளிகளில் மராத்தி படித்துத் தேவநாகரி எழுத்தில் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு நேபாளத்துப் பெயர்ப் பலகைகள் முதல் நாளே படிக்க வரும் என்பது ஒரு சிறு வசதி. ஆனால் அங்கு சேர நீட் தகுதி மட்டும் போதாது. நேபாள மருத்துவக் கல்வி ஆணையம் நடத்தும் பொது நுழைவுத் தேர்விலும் தேற வேண்டும். கட்டணமும் அதிகம். 2025 செப்டம்பரில் இளைஞர் கிளர்ச்சியில் காத்மாண்டுவின் அரசு மாளிகைகள் எரிந்ததையும், பிரதமர் கே.பி. சர்மா ஓலி பதவி விலகியதையும், விமான நிலையம் மூடப்பட்டதையும் தொலைக்காட்சியில் பார்த்த பெற்றோர் "அமைதியான நாடு" என்ற சொல்லை இப்போது சற்றுத் தயங்கியே உச்சரிக்கின்றனர்.

வங்கதேசத்தின் கவர்ச்சி வேறு வகையினது. பாடம் ஆங்கிலத்தில். பாட நூல்கள் இந்தியாவில் பயன்படுபவைதாம். டெங்கு, காசநோய், டைபாய்டு என நோயாளிகளின் நோய்களும் இங்கு உள்ளவையே. மருத்துவமனைகளில் கூட்டம் அதிகம் என்பதால் மாணவர் கை நோயாளி மீது படும் வாய்ப்பும் அதிகம். அங்கு தேர்ச்சி மதிப்பெண் 60 விழுக்காடு. தெற்காசிய நாடுகளின் மாணவர்க்கென அரசுக் கல்லூரிகளில் சில இடங்கள் தனியே உண்டு. அவற்றுக்குப் பள்ளி மதிப்பெண் மிக உயர்வாக இருக்க வேண்டும். தனியார் கல்லூரியானாலும் பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைத் தம் தரப்புள்ளி முறைக்கு மாற்றிச் சரிபார்த்த பின்னரே சேர்க்கை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நீண்ட இடைவெளி விட்டவர்களை அங்கு ஏற்பதில்லை. "இன்னும் ஓராண்டு நீட் எழுதிப் பார்க்கட்டும், இல்லாவிட்டால் டாக்கா இருக்கவே இருக்கிறது" என்று இரண்டு மூன்று ஆண்டுகளைக் கழிக்கும் குடும்பங்கள் கடைசியில் இரண்டையும் இழப்பது இந்த விதியால்தான்.

2024 ஜூலையின் நினைவு: வங்கதேசத்தை மனத்தில் கொண்டிருந்த குடும்பங்களைக் குலுக்கியது 2024-ஆம் ஆண்டு. விடுதலைப் போர் வீரர்களின் வாரிசுகளுக்கான 30 விழுக்காடு வேலை ஒதுக்கீட்டை அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஜூன் மாதத்தில் மீட்டளித்ததை எதிர்த்து மாணவர் போராட்டம் மூண்டது. ஜூலை 18-ஆம் தேதி இரவு இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுநாள் இரவு ஊரடங்கு. அன்று புது தில்லியில் வெளியுறவு அமைச்சகச் செய்தித் தொடர்பாளர், வங்கதேசத்தில் ஏறத்தாழ 15,000 இந்தியர்கள் இருப்பதாகவும், அவர்களில் 8,500 பேர் மாணவர்கள் என்றும் தெரிவித்தார். கல்லூரி விடுதிகளில் இருந்த பிள்ளைகளுடன் பேசக்கூட முடியாமல் பெற்றோர் தவித்த நாள்கள் அவை.

அகௌரா வழியே அகர்தலாவுக்கும், டாவ்கி வழியே மேகாலயத்துக்கும், பெட்ராபோல், கேதே வழியே மேற்கு வங்கத்துக்கும் மாணவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடந்து வந்தனர். சில நாள்களுக்குள் 6,700-க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் நாடு திரும்பியதாக வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. தமிழ்நாட்டு மாணவர்களுக்காகத் தமிழக அரசு உதவித் தொலைபேசி எண்களை அறிவித்து, திரும்பியவர்களைச் சென்னை விமான நிலையத்தில் வரவேற்று ஊர்களுக்கு அனுப்பி வைத்தது. இந்த இடத்தில் மும்பைத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு: மகாராஷ்டிரத்து முகவரியும் தமிழ்ப் பெயரும் கொண்ட மாணவர், நெருக்கடியில் எந்த மாநிலத்து உதவி எண்ணை அழைப்பது?

ஆகஸ்டு 5-ஆம் தேதி ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறினார். மறுநாள் நாடாளுமன்றத்தில் அறிக்கை அளித்த வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், அங்கிருந்த 19,000 இந்தியர்களில் 9,000 பேர் மாணவர்கள் என்றும், மாணவர்களில் பெரும்பாலோர் ஜூலையிலேயே திரும்பிவிட்டனர் என்றும் கூறினார். அந்தக் கிளர்ச்சியிலும் அடக்குமுறையிலும் 1,400 பேர் வரை உயிரிழந்திருக்கக் கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2025 பிப்ரவரியில் மதிப்பிட்டது. கொல்கத்தா - டாக்கா மைத்ரீ எக்ஸ்பிரஸ் 2024 ஜூலையில் நின்றுபோனது. மாணவர்களோ, நிலைமை தணிந்ததும் திரும்பிச் சென்று வகுப்பைத் தொடர்ந்தனர். அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஏன் இல்லை என்பதை விளக்க, தில்லி துவாரகாவில் உள்ள தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளுக்கு வர வேண்டும்.

திரும்பி வந்தால் இடமில்லை: 2021 நவம்பர் 18-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் ஒழுங்குமுறை விதிகள் இன்று ஒவ்வொரு முடிவுக்கும் அடித்தளம். படிப்புக் காலம் குறைந்தது 54 மாதங்கள். அதற்கு மேல் அதே வெளிநாட்டு நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி. பாடமொழி ஆங்கிலம். பட்டம் பெறும் நாட்டில், அந்நாட்டுக் குடிமகனுக்கு நிகராக மருத்துவத் தொழில் செய்ய உரிமம் பெறும் தகுதி இருக்க வேண்டும். படிப்பின் ஒரு பகுதியை வேறு நாட்டிலோ வேறு கல்லூரியிலோ முடிக்கக் கூடாது. சேர்ந்த நாளிலிருந்து பத்தாண்டுகளுக்குள் எல்லாம் நிறைவு பெற வேண்டும். பிறகு இந்தியாவில் தகுதித் தேர்வு. அதன் பின் இங்கும் 12 மாதப் பயிற்சி.

ஆகவே கலவரம் வந்தாலும் நோய்த் தொற்று வந்தாலும், பாதிப் படிப்போடு திரும்பும் மாணவருக்கு இந்தியக் கல்லூரியில் இடமில்லை. 2022-இல் உக்ரைனிலிருந்து திரும்பியவர்கள் இதற்காகவே உச்ச நீதிமன்றம் சென்றனர். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று மத்திய அரசு அவ்வாண்டு செப்டம்பரில் பதில் மனு தாக்கல் செய்தது. வேறு நாட்டுக் கல்லூரிக்குச் சென்று தொடர ஒரு சிறப்புச் சலுகை அவர்களுக்கு அளிக்கப்பட்டது. இதனால்தான் டாக்காவிலும் குமில்லாவிலும் சில்ஹெட்டிலும் பயின்றவர்கள் அச்சம் தீராமலேயே திரும்பிச் சென்றனர்.

முகவர் அலுவலகத்து விளம்பரங்களில் "ஆணைய அங்கீகாரம் பெற்றது" என்ற சொற்றொடரைக் காணலாம். எந்த வெளிநாட்டுக் கல்லூரியையும் தாம் அங்கீகரிப்பதில்லை, பரிந்துரைப்பதும் இல்லை என்பதே ஆணையத்தின் நிலை. விதிகளைப் படித்து, கல்லூரி அவற்றுக்கு இசைகிறதா என்று பார்ப்பது மாணவரின் பொறுப்பாக விடப்பட்டுள்ளது. பதினெட்டு வயதுப் பிள்ளையிடமும், பள்ளிக்கே செல்லாத பெற்றோரிடமும் இப்பொறுப்பை ஒப்படைத்திருப்பது எவ்வளவு தூரம் நியாயம் என்பதைத் தில்லி இன்னும் யோசித்ததாகத் தெரியவில்லை. முகவர்களுக்குப் பதிவோ உரிமமோ கட்டாயமாக்கினால்கூடப் பாதித் துயரம் குறையும்.

தகுதித் தேர்வைப் பற்றி முகவர்கள் குரலைத் தாழ்த்தியே பேசுவார்கள். 2002 முதல் நடைபெறும் இத்தேர்வில் 300 கேள்விகள். 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. ஆண்டுக்கு இரு முறை நடைபெறுகிறது. 2015 முதல் 2018 வரையிலான காலத்தில் இதை எழுதியவர்களில் தேறியோர் 14 விழுக்காட்டினரே. நாடு வாரியாகப் பார்த்தால் சீனாவில் படித்தவர்களில் ஏறத்தாழ 12 விழுக்காடு, நேபாளத்தில் படித்தவர்களில் ஏறத்தாழ 18 விழுக்காடு, வங்கதேசத்தில் படித்தவர்களில் 27 விழுக்காடு. பக்கத்து நாடுகளில் வங்கதேசம் முந்தி நிற்பது உண்மை. அந்த உண்மையின் மறுபக்கம், நால்வரில் மூவர் தேறவில்லை என்பது. அதற்குப் பிறகும் ஒட்டுமொத்தத் தேர்ச்சி விகிதம் பல முறை 20 விழுக்காட்டைச் சுற்றியே நின்றிருக்கிறது. மறுபடி மறுபடி எழுதித் தேறுவோர் உண்டு. தேறாதவர்கள் மருத்துவமனைகளில் உதவியாளர்களாகக் குறைந்த ஊதியத்துக்கு வேலை பார்ப்பதும் உண்டு.

ஐந்தாண்டுப் படிப்பு, அங்கே ஓராண்டுப் பயிற்சி, தேர்வுக்கு ஆயத்தமாக ஆறு மாதமோ ஓராண்டோ, இங்கே ஓராண்டுப் பயிற்சி. எதுவும் தவறாமல் நடந்தால்கூட மாணவர் முழு மருத்துவராகப் பதிவு பெறும்போது வயது இருபத்தாறைத் தொட்டுவிடும்.

வீடு இருக்கிறது, பத்திரம் இல்லை: செம்பூரில் சொந்தக் குடியிருப்பு வைத்திருக்கும் பொதுத்துறை ஊழியர், அதை ஈடாகக் காட்டி வங்கியில் கல்விக் கடன் பெறுகிறார். மாட்டுங்காவில் பழைய வாடகைக் கட்டடங்களில் குடியிருப்போர் ஓய்வூதியப் பணத்தையோ ஊர் நிலத்தையோ நம்புகின்றனர். தாராவியில்? வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஈடு தேவை. தாராவிக் குடும்பத்தின் கையில் இருப்பது குடிசைவாசி என்பதற்கான போட்டோ பாஸ், மின் கட்டண ரசீது, வாக்காளர் அட்டை. நாற்பது ஆண்டு குடியிருந்த வீடானாலும் அதற்குப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாததை வங்கி ஈடாக ஏற்காது. ஈடின்றிக் கடன் தர மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டமோ, தேர்ந்தெடுத்த இந்தியக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் உரியது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகை முதுநிலைக்கும் ஆராய்ச்சிக்குமே அளிக்கப்படுகிறது. எம்பிபிஎஸ் அதில் வராது.

எனவே நகை, சீட்டு, உறவினர் கடன், வட்டிக் கடன் என்று பணம் திரட்டப்படுகிறது. அல்லது திரட்ட முடியாமல் போய், நுழைவுத் தேர்வில் தகுதி பெற்ற பிள்ளை செவிலியர் படிப்புக்கோ அறிவியல் பட்டத்துக்கோ செல்கிறது. சயான் மேற்கில் 1960 முதல் உள்ள தென்னிந்தியக் கல்விச் சங்கக் கல்லூரியும், மாட்டுங்காவின் ரூயா, கால்சா கல்லூரிகளும் இப்படி வந்து சேர்ந்த பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கின்றன.

தாராவிக்கு இப்போது இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டுள்ளது. மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பதை ஆவணத்தால் நிறுவுவோருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது அறிவிப்பு. பின்னால் வந்தோரும் மேல்தளத்தில் குடியிருப்போரும் தாராவிக்கு வெளியே மாற்றப்படுவர். ஆவணங்களோடு வீட்டில் ஆள் இருக்க வேண்டிய காலம் இது. வீட்டை விற்கவும் மனம் வராது. விற்றால் வருங்கால உரிமையும் போய்விடும். கீழ்த்தளத்தில் குடியிருப்பும் மேல்தளத்தில் தொழிலும் வைத்திருக்கும் குடும்பம், அந்தத் தொழிலின் வருவாயை நம்பித்தான் ஆறாண்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். கட்டட வேலை தொடங்கினால் தொழில் எங்கே நடக்கும் என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

வெளிநாட்டுச் சேர்க்கைக்கு ஒரு முறை பெற்ற நீட் தகுதி மூன்றாண்டு செல்லும். ஆனால் டாக்காவின் இடைவெளி விதி அவ்வளவு காத்திருக்காது. நவம்பர், டிசம்பருக்குள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை வங்கதேசத் தரப்புள்ளிக்கு மாற்றிக்கொள்வதா, அல்லது அந்தப் பணத்தை மாட்டுங்காவிலோ தாதரிலோ இன்னோர் ஆண்டுப் பயிற்சி வகுப்புக்குக் கட்டுவதா என்பதைச் சயான் மருத்துவமனைக்கு அந்தப் புறம் உள்ள வீடுகள் இந்த ஆண்டும் பேசிக்கொண்டிருக்கின்றன.